பதினேழும் பதினெட்டும்

தேசிய ரக்பி அணித் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது என்று மனைவி போன் செய்தபோது, பீரோ ஓர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்கு அடியில் இருந்தான். இரண்டாம் மாடிப் படி திரும்பும் இடம். மேல்முனையை ஒட்டடை பிடித்திருந்தார். கீழ்முனை இவன் தோளில். போன் மூன்றாவது தடவை அடித்தபோது, "எடு தம்பி, அவசரமா இருக்கப் போவுது" என்றார் ஒட்டடை. பீரோ பாரத்தை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு மறு கையால் போனை எடுத்துப் பேசினான்.

வீட்டுச்சாமான் கடையில் பத்து வருடமாகப் பீரோ தூக்குகிறவன். பின்னாலிருந்து பார்த்தால் தூக்குவது எது, தூக்கப்படுவது எது என்று சட்டெனப் பிடிபடாது. அதனால் வந்த பெயர் அது. ஒட்டடை நேர் எதிர். ஒட்டடைக் குச்சிக்குச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி நாற்பத்தொரு வயதில் ஒரு நெட்டை மனிதர். எந்தச் சாமானின் ஒரு முனையில் பீரோ இருந்தாலும் மறுமுனையில் ஒட்டடைதான். அண்ணே, தம்பி என்றுதான் பேச்சு. மற்றபடி இரண்டு பேருக்கும் ஒரு சொந்தமும் கிடையாது.

பீரோவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ரக்பி. அதில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து குனிந்து, எதிரணி எட்டுப் பேரோடு தலை கோத்துத் தள்ளுவது. முன்வரிசையில் நிற்கிற மூவரின் கழுத்தில்தான் பதினாறு பேரின் பாரமும் இறங்கும். பீரோ அந்த முன்வரிசை ஆள். பதினோரு வருடமாக அவனைப் பின்னால் தள்ளியவர்கள் சொற்பம். இப்போது வயது முப்பத்திரண்டு. முழங்கால்கள் படியிறங்கும்போது தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தன. இனி ஒரு வாய்ப்பு வராது என்பது அவனுக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

இருபது வருடம் கழித்து நாடு பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. தரவரிசையில் முன்னால் இருந்த இரண்டு நாடுகளில் ஒன்று விலகிவிட்டது. இன்னொன்று விண்ணப்பத்தைத் தவறான விலாசத்துக்கு அனுப்பிவிட்டது. கடும் உழைப்புக்குக் கிடைத்த பலன் என்று ரக்பி சம்மேளனம் அறிக்கை விட்டது.

அன்று வந்த கடிதத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. காலை எட்டு மணிக்கு வரவும். அடையாள அட்டை, நான்கு புகைப்படங்கள், கோட்டு அளவு ஆகியவற்றைக் கொண்டுவரவும். பந்து கொண்டுவரக் கூடாது.

சம்மேளனத்தின் கூட்ட அரங்கில் மேடைமேல் பதினோரு நாற்காலிகள் இருந்தன. கீழே இருந்த நாற்காலிகளில் போட்டிக்குப் போகவிருக்கும் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், முப்பத்தெட்டுப் பேர். அவர்களுடைய தேர்வு நான்கு மாதம் முன்பே முடிந்து, கோட்டும் தைத்தாகிவிட்டது. வீரர்கள் இருபத்து மூன்று பேர்தான் போகலாம். அதற்காக வந்திருந்த அறுபது பேரும் சுவரோரமாக நின்றார்கள். பயிற்சியாளரும் அவர்களோடு நின்றார். தேர்வுக் குழுவில் அவருக்கு இடம் உண்டு. வாக்கு இல்லை, நாற்காலியும் இல்லை.

தலைவர் பேச எழுந்தார். பளபளவென்று சவரம் செய்த முகம், நிதானமான குரல்.

"நான் இந்த ரக்பிப் பந்தை இதுவரைக்கும் தொட்டதில்ல. பெருமைக்காகச் சொல்லல. பந்தைத் தொட்டவன் பந்துக்குச் சாதகமாத்தான் பேசுவான். ஆட்டம் தெரிஞ்சவனுக்கு விருப்பு வெறுப்பு வந்துடும். எனக்கு எதுவும் வராது. பதினெட்டு வருஷமாத் தலைவரா இருக்கேன், ஒரு நாள்கூட வந்ததில்ல."

அதிகாரிகள் கைதட்டினார்கள். பேச்சு ஒரு மணிவரை போயிற்று. ஒரு மணிக்குப் பயிற்சியாளர் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"சார், மைதானம் பக்கத்துலதான் இருக்கு. ஒரு அரைமணி நேரம் பந்தைக் குடுத்துப் பார்க்கலாமா?"

தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "பந்தைக் குடுத்தா யார் நல்லா ஆடுறாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே. அப்புறம் தேர்வுக் குழு எதுக்கு?"

பயிற்சியாளர் மறுபடி சுவருக்குப் போனார்.

பிற்பகலில் உடல் அளவு எடுத்தார்கள். பதிவேட்டின் முன்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். உயரம் எழுதினார், மார்பளவு எழுதினார். எடை பார்க்கும் இயந்திரத்தில் பீரோ ஏறி நின்றான். முள் நூறு வரை ஓடி, அதற்குமேல் இடமில்லாததால் அங்கேயே நின்று நடுங்கியது.

"இறங்குங்க" என்றார் அம்மாள். "இது நூறு வரைக்கும்தான் காட்டும்."

"நான் நூத்திப் பதினெட்டு மேடம். போன வாரம்தான் பார்த்தேன்."

"நீங்க சொல்றத எழுத முடியாதுங்க. மிஷின் சொல்றதத்தான் எழுதணும். மிஷின் ஒண்ணும் சொல்லல."

"அப்ப என்ன எழுதுவீங்க?"

"சைபர்."

பீரோ யோசித்தான். சைபர் கிலோ ஆளை எவனும் முன்வரிசைக்கு எடுக்க மாட்டான். மூலையில் அதே மாதிரி இன்னொரு இயந்திரம் கிடந்தது. அதை இழுத்துப் பக்கத்தில் போட்டு, ஒன்றில் இடது காலையும் மற்றதில் வலது காலையும் வைத்து நிமிர்ந்து நின்றான். இரண்டு முள்ளும் ஐம்பத்தொன்பதில் நின்றன.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் குனிந்து பார்த்தார். அவர் கெட்டவரல்ல. நல்ல யோசனை என்றுகூடச் சொன்னார். பிறகு பதிவேட்டில் ஒரு வரியில் ஐம்பத்தொன்பது, இடது என்றும், அடுத்த வரியில் ஐம்பத்தொன்பது, வலது என்றும் எழுதினார்.

"கூட்டி ஒரே வரியாப் போட்டுடுங்க மேடம்."

"ஒரு மிஷினுக்கு ஒரு வரிதான் தம்பி. கூட்டுறதுக்கு எனக்கு அதிகாரமில்ல. கூட்டல் கழித்தல் எல்லாம் கமிட்டி பார்த்துக்கும்."

கமிட்டி பார்த்துக்கொண்டது. மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் முதற்கட்டப் பட்டியல் ஒட்டினார்கள். பதினேழாம் எண்ணில் பீரோவின் பெயர், அடைப்புக்குள் இடது, ஐம்பத்தொன்பது கிலோ. பதினெட்டாம் எண்ணில் அதே பெயர், அடைப்புக்குள் வலது, ஐம்பத்தொன்பது கிலோ. இரண்டு பேரும் நேர்காணலுக்கு வர வேண்டும்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவள்.

"உடனே போய்ச் சரி பண்ணுங்க. தாள்ல தப்பு நடந்தா, நாள் ஆக ஆக அதுதான் சரின்னு ஆயிடும்."

நேர்காணலில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பீரோ உள்ளே நுழைந்ததும் செயலாளர் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி எங்க?"

"எனக்குத் தம்பி கிடையாதுங்க."

"அண்ணனா?"

"அண்ணனும் கிடையாது. அது ரெண்டும் என் கால் சார்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. வீட்டுக்கு வீடு வாசப்படி. சொத்துத் தகராறு, பேச்சுவார்த்தை இல்ல, எல்லாம் எனக்குப் புரியுது. ஆனா கூடப் பிறந்தவனையே கால்னு சொல்றது நல்லா இல்ல. குடும்பச் சண்டைய தேசிய அணிக்குள்ள கொண்டுவராதீங்க."

பீரோ இயந்திரத்தைப் பற்றிச் சொன்னான். முள்ளைப் பற்றிச் சொன்னான். பதிவேட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். அவர் விடுப்பில் இருந்தார். செயலாளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "தாள்ல ரெண்டு பேர் இருக்கீங்க. இங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. இதுல எதை நாங்க நம்புறது?"

கேள்வி நியாயமாக இருப்பது போலவே பீரோவுக்குப் பட்டது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அடுத்த வாரம் வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரே குடும்பத்தில் இரண்டு பேரை எப்படி எடுக்கலாம் என்று ஒரு கிளப்பிலிருந்து புகார் மனு போயிற்று. தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். வீரர்களும் வரவழைக்கப்பட்டார்கள்.

"குடும்ப ஆதிக்கம்ங்கறது விளையாட்டைப் பிடிச்ச கரையான்" என்று ஆரம்பித்தார் தலைவர். "நான் உயிரோட இருக்கறவரைக்கும் இந்தச் சம்மேளனத்துல அதுக்கு இடமில்ல. மாப்பிள்ளை, இதக் குறிச்சுக்கோங்க."

அணி மேலாளரான மாப்பிள்ளை குறித்துக்கொண்டார். அணி மருத்துவர் தலையை ஆட்டினார். அவர் தலைவரின் மனைவியுடன் பிறந்தவர், பல் டாக்டர். செய்தித் தொடர்பாளராகப் போகவிருந்த தலைவரின் அக்கா மகள் அந்த வாசகத்தை அப்போதே பத்திரிகைகளுக்கு அனுப்பிவைத்தாள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சகோதரர்களில் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்கும் கடிதத்தில் இருவரும் குழுவின் முன்னிலையில் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் இருவர் பெயரும் நீக்கப்படும்.

"ஒரு காலுக்காக இன்னொரு கால் விட்டுக்கொடுக்கணுமாம்" என்று பீரோ மனைவியிடம் சொன்னான்.

"உண்மையச் சொல்லிப் பார்த்தாச்சு. அவங்களுக்கு வேண்டியது இன்னொரு ஆள்தானே, ஒட்டடை அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு கையெழுத்து. அஞ்சு நிமிஷ வேலை."

ஒட்டடை உடனே ஒத்துக்கொண்டார். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். வாசலில் பீரோ, "பேச்செல்லாம் வேணாம்ணே, கையெழுத்த மட்டும் போடுங்க" என்றான். உள்ளிருந்த செயலாளர் காதில் அந்த அண்ணே விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா. இல்லவே இல்லன்னாரு."

கையெழுத்துக்கு முன்னால் அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒட்டடை ஏறி நின்றார். முள் மெல்ல எழும்பி ஐம்பத்தொன்பதில் நின்றது.

செயலாளர் தாளைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். சம்மேளனத்தின் வரலாற்றில் பதிவேடும் ஆளும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. ஓர் உறுப்பினர் எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு பீரோவை ஏறச் சொன்னார்கள். முள் நூறுக்கு ஓடி முட்டிக்கொண்டு நடுங்கியது.

"உங்க எடை என்ன எழுதியிருக்கு?" என்றார் தலைவர்.

"ஐம்பத்தொன்பது சார். ஆனா அது..."

"மிஷின் என்ன காட்டுது?"

பீரோ குனிந்து முள்ளைப் பார்த்தான்.

"இதுக்குப் பேர் ஆள்மாறாட்டம்" என்றார் தலைவர், கோபமில்லாமல், வருத்தத்தோடு. "உங்க பேரை வச்சுக்கிட்டு, உங்க போட்டோவ வச்சுக்கிட்டு, வேற யாரோ ஒருத்தரா நீங்க வந்திருக்கீங்க."

பதினேழாம் எண் அப்போதே அடிக்கப்பட்டது. பதினெட்டாம் எண் தேசிய அணியின் முன்வரிசை வீரராகத் தேர்வானார். ஒட்டடைக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

"சார், எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. நான் சும்மா கையெழுத்துப் போட வந்தவன்."

"அடக்கம்" என்றார் தலைவர் குழுவைப் பார்த்து. "இந்த அறுபது பேர்ல ஒருத்தனாவது எனக்கு ஆடத் தெரியாதுன்னு சொன்னானா? எல்லாரும் தெரியும் தெரியும்னுதான் வந்து நின்னாங்க."

"வயசு நாப்பத்தொண்ணு சார்."

"அனுபவம்" என்றார் செயலாளர், எழுதிக்கொண்டே. கோட்டுக்கு அளவெடுக்க ஆள் வந்தது. ஒட்டடையின் தோளில் கோட்டு வழுக்காமல் நின்றது. பீரோவின் அளவுக்குக் கோட்டே கிடையாது என்று அந்தத் தையல்காரர் தனியாக ஆறுதல் சொன்னார்.

அடுத்த இரண்டு நாள் பீரோவும் ஒட்டடையும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் சாமான் தூக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இடது பக்கம் கொஞ்சம், ஏத்து, நிறுத்து என்று ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். மூன்று கதவுப் பீரோ ஒன்றை மூன்றாம் மாடிக்கு ஏற்றும்போது, புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரில் கைப்பிடியிலிருந்து கூரைவரை ஒரு கோடு விழுந்தது. வீட்டுக்காரம்மா திட்டித் தீர்த்தாள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, கீழே வந்து லாரியின் பின்பலகையில் உட்கார்ந்தார்கள்.

"நான் போகல தம்பி" என்றார் ஒட்டடை. "காலொடிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துடறேன்."

பீரோ அவர் முகத்தைப் பார்த்தான். ஒட்டடை விமானத்தில் ஏறியதில்லை. லாரி போகாத ஊரைப் பார்த்ததில்லை. போகலை என்று சொல்கிற வாய்க்கும் அந்தக் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. பீரோவின் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அதற்கும் மேலே ஒரு பயம் ஏறி உட்கார்ந்துகொண்டது. எதிரணி முன்வரிசையில் இவனைப் போல மூன்று பேர் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே இந்தக் கழுத்து.

"போங்கண்ணே" என்றான். "ஆனா நான் சொல்றத மனப்பாடம் பண்ணிக்கோங்க. முதல் ஸ்க்ரமுக்குக் குனியச் சொல்றதுக்கு முன்னாடி நடுவர்கிட்டப் போய் நில்லுங்க. 'நான் முன்வரிசைக்குப் பயிற்சி எடுத்தவன் இல்ல'ன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க. அவ்வளவுதான். சட்டப்படி அவர் தள்ளாத ஸ்க்ரம்னு அறிவிச்சாகணும். ரெண்டு பக்கமும் கோத்துக்கிட்டு நிப்பாங்க, யாரும் யாரையும் தள்ளக் கூடாது. நம்ம பக்கம் ஒரு ஆளக் குறைச்சுடுவாங்க. அது பரவால்ல. கழுத்து தப்பும்."

"எங்க தலைவர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவருக்குப் புரியாதுண்ணே."

ஒட்டடை அந்த வாக்கியத்தைப் படிக்கு ஒரு தடவையாகச் சொல்லிச் சொல்லி, ஒரு வாரத்தில் பிசிறில்லாமல் ஆக்கிக்கொண்டார்.

முதல் ஆட்டத்தைக் கடையின் காட்சி அறையில், விற்பனைக்கு வைத்திருந்த சோபாக்களில் உட்கார்ந்து எல்லோரும் டிவியில் பார்த்தார்கள். மனைவி பீரோவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் ஸ்க்ரமுக்கு ஆட்கள் கூடினார்கள். எதிரணிக்காரன் ஒருவனின் தொடை ஒட்டடையின் இடுப்பைவிடத் தடிமன். ஒட்டடை நடுவரிடம் போய்க் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். நடுவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு ஒட்டடையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, விசில் ஊதிக் கையைக் காட்டினார். பீரோ அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான், சோபா முனகியது.

நூற்று நாலுக்குச் சைபர். அடுத்த ஆட்டம் தொண்ணூற்றெட்டுக்குச் சைபர். மூன்றாவதில் மூன்று புள்ளி எடுத்தார்கள். எதிரணி அன்று தன் இரண்டாம் அணியை இறக்கியிருந்தது.

திரும்பி வந்ததும் அதே அரங்கில் பாராட்டு விழா. தலைவர் அறிக்கை வாசித்தார்.

"மூணு ஆட்டத்துலயும் சேர்த்து நாப்பத்தொரு ஸ்க்ரம். ஒண்ணுலகூட நம்ம பசங்க ஒரு அங்குலம் பின்வாங்கல. அதுவும் எப்படி? அவங்க பதினஞ்சு பேர், நாம பதினாலு பேர். உலகத்துல வேற எந்த நாட்டுக்காவது இந்தச் சாதனை இருக்கா?"

யாருக்கும் இல்லைதான். முப்பத்தெட்டு அதிகாரிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிறந்த முன்வரிசை வீரர் என்று ஒட்டடைக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவருக்காக விட்டுக்கொடுத்த சகோதரர் என்று பீரோவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆள்மாறாட்டத்தை மன்னித்துவிட்டதாகத் தலைவர் அவன் காதில் சொன்னார். பிறகு மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

பீரோ கூட்டத்தைப் பார்த்தான். மனைவி நான்காவது வரிசையில் இருந்தாள். இந்த நாற்பது நாளாக யாரும் காதில் வாங்காததைச் சொல்ல இதைவிட்டால் இடம் கிடையாது.

"நாங்க ரெண்டு பேர் இல்லைங்க" என்றான். "ஒரே ஆள். பதினேழும் நான்தான். பதினெட்டும் நான்தான்."

முன்வரிசையில் ஓர் அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். பிறகு அடைமழை பிடித்த மாதிரி கைதட்டல் எழுந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்; கை பாதிதான் எட்டியது.

"கூடப் பிறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார் மைக்கில். "கால்னு சொன்ன அதே வாய்."

மறுநாள் பத்திரிகையில் இரண்டு செய்திகள் வந்திருந்தன. ஒன்று, 'நாங்கள் இருவரல்ல, ஒருவர்: உருகவைத்த சகோதர பாசம்.' இன்னொன்று, அடுத்த தேர்வுக்கான விளம்பரம். ஸ்க்ரம் பயிற்சி இல்லாதவர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்படும் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவின் கிளப்புக்குத் தீயணைப்புத் துறை அணியோடு ஆட்டம். முன்தினம் பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று கிடந்தது. பீரோ முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒட்டடை வந்து பக்கத்தில் நின்றார், அரைக்கால் சட்டையோடு.

"என்னண்ணே இது வேஷம்?"

"மூணு ஆட்டம் ஆடிட்டேன். கேடயம் குடுத்துட்டாங்க. ஒருத்தன்கூட என்னைத் தொடல தம்பி." அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "விமானத்துல திரும்பி வரும்போதெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டு வந்தேன். உண்மையில அது எப்படித்தான் இருக்கும்?"

அன்று ஓர் ஆள் குறைவாகத்தான் இருந்தது. பீரோ கேப்டனிடம் பேசினான். முன்வரிசை கூடாது, எனக்குப் பின்னால் நிற்கட்டும் என்றான். குனியும் விதம், தலையை வைக்கும் இடம், முதுகை நேராக வைப்பது எல்லாவற்றையும் மைதானத்துக்கு வெளியே பத்துத் தடவை செய்ய வைத்தான்.

நடுவர் கூப்பிட்டார். குனிந்தார்கள், கோத்தார்கள். எதிரில் தீயணைப்பு வீரர்களின் தோள்கள் வந்து மோதின. பீரோவின் முழங்கால்கள் தங்கள் பேச்சை நிறுத்தின. பின்தொடையில் மண்வெட்டிக் காம்பு மாதிரி ஒரு எலும்புத் தோள் குத்தி ஊன்றியது. ஒரு கணம் பதினாறு பேரும் அசையவில்லை. பிறகு எங்கோ ஏதோ இளகிக்கொடுத்தது. ஓரடி. இன்னும் ஓரடி. மூன்றாவது அடியில் எல்லாம் சரிந்து ஆள்மேல் ஆளாக விழுந்தார்கள்.

பீரோ சேற்றிலிருந்து எழுந்து, கீழே கிடந்தவர்களை ஒவ்வொருவராக விலக்கினான். எல்லோருக்கும் அடியில் ஒட்டடை கிடந்தார். காது மடலில் ரத்தம், வாய் நிறையச் சேறு.

"அண்ணே, பேசுங்கண்ணே. கழுத்து திரும்புதா?"

ஒட்டடை சேற்றைத் துப்பினார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார்.

"மூணு அடி போனோம்ல?" என்றார்.